யார் காசு, யார் பிள்ளை?

பள்ளி விழா மலர்களுக்கென்று ஒரு நடை உண்டு. முதல் பத்துப் பக்கம் வாழ்த்துரை. அடுத்து நிறுவனர் படம், தாளாளர் படம், ஆண்டுவாரியாகத் தலைமையாசிரியர் பட்டியல். பிறகு கீற்றுக்கொட்டகை காரைக் கட்டடமான கதை. கடைசியில் நகைக்கடை, பால்கோவாக் கடை, மில் விளம்பரங்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரம் இல்லாவிட்டால் மலரே இல்லை. ஆனால் இந்த நடையில் எழுதும்போது இரண்டு விஷயம் நழுவிப் போகிறது. பள்ளிக்கூடத்துக்கு யார் காசு கொடுத்தார்கள், அதன் பெஞ்சில் யார் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்தது? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஆங்கிலப் பள்ளிகளின் முன்கதையை எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டபோது, இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டே போவது என்று தீர்மானித்தேன்.

முதலில் நாம் எந்தச் சீமைக்காரர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அந்த ஆண்டு மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சில தாலுகாக்களைப் பிரித்து இராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். 1985இல் அதையும் பிரித்தபோது காமராஜர் மாவட்டம், இன்றைய விருதுநகர் மாவட்டம், வந்தது. ஆக முக்கால் நூற்றாண்டு நாம் காகிதத்தில் இராமநாதபுரத்துக்காரர்கள். காகிதத்தில் என்று சொல்லக் காரணம் உண்டு. ஜில்லாவின் பெயர் இராமநாதபுரம், கலெக்டர் ஆபீஸ் இருந்ததோ மதுரையில். இப்படி இரண்டு ஜில்லாவுக்கும் பிள்ளையாக இருந்ததால் நம் பள்ளிகளின் பூர்வீகத்தையும் இரண்டு பக்கமும் தேட வேண்டியிருக்கிறது.

இராமநாதபுரம் பக்கம்தான் மூத்தது. 1785ஆம் ஆண்டு. தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன் ஒரு திட்டம் போட்டார்: தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று சமஸ்தானத் தலைநகரங்களிலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி வைப்பது. அதை நடத்திக் காட்டியவர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். பிரஷ்யாவில் 1726இல் பிறந்து 1750இல் கப்பல் வழி வந்து, தரங்கம்பாடி, திருச்சி, தஞ்சாவூர் என்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் இங்கேயே இருந்து, 1798இல் தஞ்சாவூரில் மண்ணான ஜெர்மானியப் பாதிரியார். ஆங்கிலேயர் தூது அனுப்பினால் நம்பமாட்டேன், அந்தப் பாதிரியை அனுப்புங்கள் என்று ஹைதர் அலியே கேட்டு வாங்கிய ஆள். தமிழும் பாரசீகமும் இந்துஸ்தானியும் தெரியும். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி கிடையாது. நம் சீமையின் முதல் ஆங்கிலப் பள்ளியை, ஆங்கிலத்தைத் தானும் பிறமொழியாகப் படித்த ஒருவர் தொடங்கினார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

காசு எங்கிருந்து வந்தது? சமஸ்தானங்களும் கொடுத்தன, கம்பெனியும் கொடுத்தது. 1787இல் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 பகோடா மானியம் என்று உத்தரவு போட்டார்கள். பிற்காலத்து மாற்றுக் கணக்கில் ஒரு பகோடா மூன்றரை ரூபாய். ஆகவே 875 ரூபாய். அப்போது இராமநாதபுரம் சிம்மாசனத்தில் இளம் முத்துராமலிங்க சேதுபதி. சிவகங்கையில் வேலு நாச்சியாரும் மருது சகோதரர்களும். இந்தப் பெயர்களைப் பள்ளிப் பாடத்தில் வேறு அத்தியாயத்தில் படித்திருப்போம். பள்ளி தொடங்கிப் பத்தாம் ஆண்டு, 1795இல், சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறை வைத்தது அதே கம்பெனி. 1801 அக்டோபரில் மருது பாண்டியரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதும் அதே கம்பெனிதான். பள்ளி மானியக் கணக்கும் தூக்குமேடையும் ஒரே கச்சேரியின் வேலை என்பதை நம் மலர்கள் எழுதுவதில்லை.

கம்பெனிக்கு நம் பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பதில் என்ன அக்கறை? துபாஷிகள்தான் காரணம். வரி கேட்கும் துரைக்கும் வரி கட்டும் பாளையக்காரருக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றித் தருபவர் துபாஷி. இரண்டு பக்கமும் சம்பாதித்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் தயவில்லாமல் நேரே பேச, ஆங்கிலம் தெரிந்த உள்ளூர் ஆட்கள் கம்பெனிக்கு வேண்டியிருந்தது. 1798இல் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனைப் பேட்டிக்கு வரச்சொல்லிவிட்டு, குற்றாலம், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று முகாம் மாற்றி மாற்றி அலையவிட்டு, செப்டம்பரில் இராமநாதபுரம் அரண்மனையில் சந்தித்தார். அது கைகலப்பில் முடிந்ததும் ஊரறிந்த கதை. அன்றைக்கு அந்த ஊரில் ஆங்கிலப் பள்ளிக்கு வயது பதின்மூன்று. சுவார்ட்ஸுக்கு வேறு எண்ணமும் இருந்தது; வேதம் அவர் வேலை. ஆனாலும் பிள்ளைகளைத் தந்திரமாக மதம் மாற்றுவதில்லை என்ற உறுதியோடுதான் அந்தப் பள்ளிகள் நடந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர், வியாபாரிகள், உத்தியோகஸ்தர்கள் வீட்டுப் பையன்கள். அவர்களுக்குத் தேவை கம்பெனி உத்தியோகம். தேவைகள் மூன்றும் மூன்று திசையில் இருந்தன. பள்ளி நடந்தது.

இங்கே ஒரு வார்த்தை திண்ணைப் பள்ளிக்காகவும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் வந்துதான் இங்கே பள்ளிக்கூடம் என்று சொல்பவர்களுக்கும், திண்ணையில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்பவர்களுக்கும் சென்னை கவர்னர் மன்றோ எடுத்த கணக்கு நல்ல மருந்து. 1822இல் அவர் கேட்டு வாங்கிய விவரப்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. படித்தவர்கள் சுமார் 1,88,000 பேர். மக்கள்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். பள்ளிகள் ஏராளம். ஆனால் அவற்றில் பெண் குழந்தைகள் மிகச் சொற்பம், தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் இடமே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பையன்கள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். முன்னே படித்தவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லித் தரும் சட்டாம்பிள்ளை முறையைப் பெரிதாக வளர்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பள்ளிகளில் பரவியது. அதற்கு ராயல்டி எதுவும் நமக்கு வரவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துக் கதை வேறு மாதிரி. இங்கிலாந்தில் கிராமர் ஸ்கூல் என்றால் பையன்கள் லத்தீன் இலக்கணத்தை நெட்டுருப் போடும் இடம். அந்த அச்சை அப்படியே தேரிக்காட்டுக்குக் கொண்டுவந்தவர் ஜி.யு.போப். 1840களில் சாயர்புரத்தில் அவர் நடத்திய செமினரியில் பனையேறிகளின் பிள்ளைகள் லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்தார்கள். பிரம்படியும் அதே அளவுக்கு இருந்தது என்பார்கள். பின்னால் அவர் ஊட்டியில் நிஜமாகவே ஒரு கிராமர் ஸ்கூல் நடத்தினார். அது வேறு வகுப்பாரின் பிள்ளைகளுக்கு. திருவாசகத்தை மொழிபெயர்த்த போப்பை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள் இந்தப் போப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்துக்கு வந்தது சர்ச் மிஷனரி சொசைட்டி என்ற சி.எம்.எஸ். சங்கம். தாமஸ் ராக்லண்டு கேம்பிரிட்ஜில் கணிதத்தில் நான்காம் இடம் வாங்கியவர். சென்னையில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1854இல் வடநெல்லைக்கு வந்து கூடாரம் அடித்தார். பங்களா கட்டவில்லை. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சுற்று கிராமங்களில் ஊர் ஊராகக் கூடாரத்தைப் பெயர்த்து நட்டுக்கொண்டே போவது அவர் முறை. அக்கினி நட்சத்திரத்தில் கரிசல்காட்டுக் கூடாரத்துக்குள் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். உடம்பு நாலு வருஷம் தாங்கியது. 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். பிரசங்கத்துக்கு வந்த கூட்டம்தான் என்றாலும், சபை வைத்த இடத்தில் பள்ளியும் வைத்தார்கள். தென்மாவட்டத்துப் பழைய பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ‘சி.எம்.எஸ்.’ ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

மிஷன் பள்ளி வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜி.எஸ். பள்ளியின் பெயரிலும், பாரதி படித்த திருநெல்வேலிப் பள்ளியின் பெயரிலும் ‘இந்து’ என்ற சொல் இருப்பதைப் பார்க்கிறோம். அன்றைய சூழலில் அதற்கு அர்த்தம், ஆங்கிலம் வேண்டும், பைபிள் வகுப்பு வேண்டாம் என்பதுதான். ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தாலுகா கச்சேரியும் கோர்ட்டும் இருந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வக்கீல் வீடுகளுக்கும் குமாஸ்தா வீடுகளுக்கும் ஆங்கிலம் சோறு போட்டது. 1875இல் கலெக்டர் பென்னிங்டன் பெயரில் இங்கே பொது நூலகம் ஏற்பட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் துரையுடையது. படித்தவர்களும் கட்டிக் காத்தவர்களும் ஊர்க்காரர்கள். நூற்றைம்பது ஆண்டைத் தாண்டி இன்றும் திறந்திருக்கிறது.

ஆனால் காசு விஷயத்தில் நம் சீமையின் பெரிய கண்டுபிடிப்பு விருதுநகரில் நடந்தது. 1880களில் அங்கே நாடார் உறவின்முறை தொடங்கிய சத்திரிய வித்யாசாலைக்கு ஜமீன் மானியம் இல்லை, சீமைப் பணமும் இல்லை. பேட்டைக்கு வந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று வியாபாரிகள் எடுத்து வைத்த மகமைதான் முதல். அது போதாமல் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள்; அதை வாங்கிச் சேர்த்து விற்றுப் பள்ளிக்குச் செலவழித்தார்கள். கோயில் நுழைவுக்கு வழக்கும் கலவரமுமாக இருந்த காலத்தில், கோயில் கதவு திறக்கக் காத்திராமல் பள்ளிக் கதவைத் தாங்களே செய்துகொண்டார்கள். பிற சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்து, தகப்பனாரை இழந்ததால் பாதியில் நின்ற ஒரு பையன்தான் 1954இல் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட மதிய உணவுக்கும் அந்தப் பிடி அரிசிக்கும் தொடர்பு உண்டா என்று காமராஜரைக் கேட்டவர் உண்டோ என்னவோ, எனக்கு உண்டென்றே படுகிறது.

ராஜபாளையத்தின் வழி இன்னொன்று. இங்கே தெலுங்கு பேசும் ராஜூக்களின் சாவடிகள் உண்டு, பருத்தி உண்டு, 1936 முதல் மில்லும் உண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பின் ஊரில் நேரம் சொல்வது மில் சங்கு என்றானது. பள்ளி மணியும் அதற்குக் கட்டுப்பட்டது. ஊர்க்காரர்கள் கொடுத்துக் கொடுத்துக் கட்டிய பள்ளிகளின் வரிசையில் 1973இல் ராஜூக்கள் கல்லூரியும் வந்தது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். இந்த ஊர்ப் பையனுக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று பேச்சு. ஆண்டாள் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் பாடிய ஆமுக்த மால்யதாவைத் தமிழாக்கி சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு வாங்கிய மு.கு. ஜகந்நாத ராஜா இந்த ஊர்க்காரர் என்பது தற்செயல் இல்லை.

இனி வகுப்பறைக்குள். மரக்கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. சாய்வு மேசையில் மைக்கூடு வைக்கக் குழி. ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு தலைமுறைக்கு நெஸ்ஃபீல்டு, அடுத்த தலைமுறைக்கு ரென் அண்ட் மார்ட்டின். வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்து இது எழுவாய், இது பயனிலை என்று கட்டம் போடுவதற்குப் பார்ஸிங் என்று பெயர். ஆங்கிலத்தில் ஒருவரிடம் தண்ணீர் கேட்கத் தெரியாத பையன்கூட அதில் பத்துக்கு எட்டு வாங்குவான். தப்புச் செய்தால் இம்போசிஷன் நூறு தடவை. மெட்ரிகுலேஷன் போய் எஸ்.எஸ்.எல்.சி. வந்தபிறகும் ‘பெயில்’ என்ற சொல்லுக்கு இருந்த பயம் போகவில்லை. ஆடிப்பூரத் தேருக்கு மட்டும் எந்தத் தலைமையாசிரியராலும் பள்ளியை நடத்த முடிந்ததில்லை. லீவு விடாவிட்டால் பையன்களே விட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கட்டடத்தில் தமிழ்ப் பண்டிதர் இருந்த இருப்பைச் சொல்லாமல் போனால் பாவம். பி.ஏ.,எல்.டி. படித்த ஆசிரியருக்குக் கோட்டும் மரியாதையும் முதல் மணி நேரமும். பண்டிதருக்குக் குடுமியும் கேலியும் சாப்பாட்டுக்குப் பிந்திய தூக்க நேரமும். 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை தமிழ் சொல்லிக்கொடுத்த தற்காலிகப் பண்டிதருக்கு மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். அவர் பெயர் சி. சுப்பிரமணிய பாரதி. சேதுபதி குடும்பத்தின் பெயர் இங்கே மறுபடி வருகிறது பாருங்கள். 1785இல் ஆங்கிலப் பள்ளிக்குக் கைகொடுத்த அதே வம்சத்தின் பாஸ்கர சேதுபதிதான் விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணை நின்றவர். அதே குடும்பத்துப் பாண்டித்துரைத் தேவர்தான் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரே கஜானா திறந்தது. 1930களின் பிற்பகுதியில் உயர்நிலை வகுப்புகளில் பாடங்கள் தமிழில் வரத் தொடங்கிய பிறகே பண்டிதருக்கு முழு நாற்காலி கிடைத்தது.

இரண்டாவது கேள்வி, யார் பிள்ளை. இதற்குப் பதில் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. நீள வாட்டில் தைத்த தடித்த புத்தகம். வரிசை எண், பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகக் காரணம். பிறந்த தேதிப் பத்தியைப் பார்த்தால் ஊரில் பாதிப்பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள் போலத் தோன்றும். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் வயது ஐந்து என்று ஹெட்மாஸ்டர் போட்ட தேதிகள் அவை. பிற்பாடு ரிட்டயர்மெண்ட் வரை அதுதான் செல்லும்.

சாதிப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது என்பது ஒரு தேதி. முதல் தலித் பிள்ளையின் பெயர் எந்த ஆண்டு ஏறியது என்பது இன்னொரு தேதி. முதல் பெண் பிள்ளை வந்தது மூன்றாவது தேதி. ‘பஞ்சமர்’ கல்விக்கென்று சென்னை அரசு தனி ஆணை போட்டது 1893இல். ஆணை போட்டதும் பெஞ்சில் இடம் வந்துவிடவில்லை. மிஷன் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டபோது மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்ட நிகழ்ச்சிகள் மாகாணம் முழுக்க நடந்திருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாளையங்கோட்டை சாராள் டக்கர் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகள்தான் கதி. இந்த மூன்று தேதிகளும் ஒரு பள்ளியில் எவ்வளவு நெருங்கி வருகின்றனவோ அவ்வளவுக்கு அது நல்ல பள்ளி. நூற்றாண்டு விழா கொண்டாடும் எந்தப் பள்ளிக்கும் என் அளவுகோல் இதுதான்.

‘விலகக் காரணம்’ பத்தியும் அப்படித்தான். ‘சம்பளம் கட்டவில்லை’ என்ற இரண்டே சொல் பக்கம் பக்கமாக வரும். பள்ளிச் சம்பளம் அன்றைக்குப் பெரிய தடுப்புச்சுவர். காமராஜர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு, அடுத்தடுத்து இலவசக் கல்வி என்று வந்தபின்தான் அந்தச் சொற்கள் குறைந்தன. 1958இல் கடம்பத்தூரில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு தொடங்கி வைத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நம் பக்கமும் பரவி, கரும்பலகையும் நாற்காலியும் மணியுமாக ஊர்க்காரர்கள் சீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். விருதுநகரின் பிடி அரிசி அப்போது மாநிலத் திட்டமாகிவிட்டது.

சுவார்ட்ஸ் பெயரைத் தாங்கிய இராமநாதபுரம் பள்ளிக்கு 1940களில் ராமேசுவரத்திலிருந்து ஒரு படகுக்காரர் வீட்டுப் பையன் வந்து சேர்ந்தான். தவறுதலாக வேறு வகுப்புக்குள் நுழைந்ததற்காகக் கணக்கு வாத்தியார் ராமகிருஷ்ண ஐயரிடம் எல்லோர் முன்னாலும் பிரம்படி வாங்கினான். பல மாதம் கழித்துக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியபோது அதே வாத்தியார் காலை வழிபாட்டில் அந்தக் கதையைச் சொல்லி, தன்னிடம் அடி வாங்கியவன் பெரிய ஆளாவான் என்று பெருமை பேசினார். அப்துல் கலாம் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். தன்னம்பிக்கை ஊட்டியவராக அவர் சொல்வது அங்கிருந்த இன்னொரு ஆசிரியர் அய்யாதுரை சாலமோனை. துபாஷிக்குப் பதில் ஆள் தயாரிக்கத் தொடங்கிய பள்ளி, ராக்கெட்காரர் ஒருவரைத் தயாரித்தது. பிரம்பால்தான் அது நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாலமோனுக்கே என் ஓட்டு.

கடைசியாக நம் இரண்டு ஊர்ப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன மூன்று தேதிகளை உங்கள் பள்ளிக்குக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பதிவேடு வேண்டும். அது ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுக்குக் கீழே, செல் அரித்தபடி கிடக்கிறது. பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஹெட்மாஸ்டர் நடுவில் உட்கார்ந்த குரூப் போட்டோ, ஆண்டுவிழா நோட்டீஸ், சம்பள ரசீது எல்லாம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். எடைக்குப் போடாதீர்கள். படியெடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தந்தால்கூடப் போதும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. நம் ஊரிலேயே பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அடுத்த மலரில் வாழ்த்துரைப் பக்கங்களில் நாலைக் குறைத்து, முதல் பதிவேட்டின் முதல் நாலு பக்கங்களை அப்படியே படம் பிடித்துப் போடுங்கள்.